இரவல் மெட்டு

சிங்கப்பூரில் வாழும் தமிழ் இளைஞர்கள் சிலர் 1992இல் ‘ருத்ரா’ என்ற பெயரில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். பாடுவதும் பேஸ் கிற்றார் வாசிப்பதும் கதிர்; ட்ரம்ஸ் அடிப்பவர் சிவா. அவர்கள் எடுத்துக்கொண்டது ‘டெத் மெற்றல்’ எனப்படும் இசைவகை. மெல்லிசைக்கும் கஸீதாவுக்கும் பழகிய நமது காதுக்கு அது முதலில் இசையென்றே படாது. அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல், இயந்திரத் துப்பாக்கி போல இடைவிடாத முழக்கம், அறுவை ஆலையை நினைவூட்டும் கிற்றார். ஆனால் அந்த உறுமலில் பொதிந்திருக்கும் பொருள் உபநிடதம். இதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதைவிட, இது நமக்குப் புதிதில்லையே என்ற எண்ணமும் வந்தது.

இவர்களை எனக்கு அறிமுகப்படுத்தியவன் என்னிடம் பதினோராந் தரத்தில் படிக்கும் ஒரு மாணவன். ‘எனக்குப் பிடித்த கலைஞர்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். மற்றவர்கள் சினிமா நடிகர்களை எழுதினார்கள். இவன் இங்கிலாந்தின் ‘நேபாம் டெத்’ குழுவையும் சிங்கப்பூரின் ருத்ராவையும் எழுதியிருந்தான். புள்ளி போடுவதற்காகவேனும் கேட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. அதே வாரத்தில் அவனுடைய வாப்பா என்னைத் தேடி வந்தார். புத்தளத்திலிருந்து மீளக் குடியேறி, பழைய இரும்பு வியாபாரம் செய்பவர். “சேர், இவன் ராவெல்லாம் பேய்ப்பாட்டுக் கேக்கிறான். ஷெல்லடிச்ச காலத்திலை நாங்கள் கேட்ட சத்தம் போதாதா? நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கோ” என்றார். அவரிடம் என்ன சொல்வது என்று யோசித்ததன் விளைவுதான் இக்கட்டுரை.

இந்தச் சத்தத்தின் பிறப்பிடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம். இரும்பும் உருக்கும் உழைத்த நகரம். அங்கே தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த டொனி அயோமி என்ற இளைஞர் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவராதலால் கிற்றாரின் நரம்புகளை அழுத்த வேண்டியவை அந்த விரல்களே. பிளாஸ்ரிக்கை உருக்கி விரல் உறைகள் செய்து மாட்டிக்கொண்டார். பின்னர் அழுத்துவதற்கு இலகுவாக நரம்புகளையும் தளர்த்தினார். தளர்ந்த நரம்பு தாழ்ந்த, கனத்த ஓசையைத் தந்தது. 1970இல் அவருடைய ‘பிளக் சபத்’ குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. மெற்றல் இசையின் தொடக்கமாகப் பலரும் கொள்வது அதையே.

அதே நகருக்கு அருகிலுள்ள மெரிடன் என்ற கிராமத்தில் 1981இல் நேபாம் டெத் தொடங்கியது. வியட்நாமில் எரிகுண்டாக வீசப்பட்ட நேபாமைப் பெயரிலேயே சுமந்த குழு. 1987இல் வந்த ‘ஸ்கம்’ என்ற அவர்களது முதல் இசைத்தட்டின் இரு பக்கங்களையும் இருவேறு அணிகள் வாசித்தன; இரண்டிலும் இருந்தவர் ட்ரம்ஸ் அடித்த மிக் ஹரிஸ் மட்டுமே. அதிலுள்ள ஒரு பாட்டு 1.316 வினாடி மட்டுமே நீள்வது. உலகின் மிகக் குறுகிய பாடலாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. நான்கே சொற்களில், மனிதன் ஏன் துன்பப்படுகிறான் என்று அது கேட்கிறது. குழுவைத் தொடங்கியவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். 1987இல் சேர்ந்த ஷேன் எம்பரியும் 1989இல் சேர்ந்த பார்னி கிரீன்வேயும் போரையும் இனவெறியையும் எதிர்த்து அதைப் பல பத்தாண்டுகள் கொண்டு நடத்தினார்கள். ஆக, மாணவனின் வாப்பா பேயின் குரலென்று கேட்டது வேறொரு நாட்டுத் தொழிலாளர் ஊரின் முறைப்பாட்டை.

ருத்ரா இந்த வடிவத்தை அப்படியே இரவல் வாங்கியது. குழுவின் பெயரில் முதல் இசைத்தட்டு 1998இல் வந்தது. 2003இல் ‘குருக்ஷேத்ரா’. அதன்பின் ‘பிரம்மவித்யா’ என்ற பொதுத் தலைப்பில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள். ஆங்கில வரிகளுக்கிடையே சமஸ்கிருதச் சுலோகங்களை ஓதினார்கள். ‘வேத மெற்றல்’ என்று இதற்குப் பெயரும் வந்தது. கதிர் வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர். சிங்கப்பூரின் தேசிய கல்வி நிறுவகத்தைச் சேர்ந்த யூஜின் தைரியநாதன் 2009இல் இந்த இசையையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதிகளில் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பிள்ளையை அழைத்துச் செல் என்பது. உமறுப்புலவர் செய்ததும் அதுதான். சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு மண்ணில் தமிழ் மருதநிலத்தின் வயலும் வாய்க்காலும் வருகின்றன. புலவருக்குப் பாலைவனம் தெரியாது என்று சிரிப்பவர்கள் உண்டு. கம்பனைக் கேட்டுப் பழகிய செவிக்குள் நபிகளாரின் வாழ்வைக் கொண்டுசெல்ல அவர் எடுத்த வழி அது. காயல்பட்டினம் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்தில் திருப்புகழ் பாடினார். நம் யாழ்ப்பாணத்து அசனாலெப்பைப் புலவரும் நவரத்தினத் திருப்புகழ் பாடினார். குணங்குடியார் சித்தர்களின் மொழியில் பேசினார். மெட்டு இரவல்; ஈமான் இரவல் அல்ல. இதை நாம் செய்தால் இலக்கியம், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் செய்தால் பேய்ப்பாட்டு என்று சொல்வது நியாயமாகாது.

அதற்காக ருத்ராவிடம் எனக்குக் கேள்வியே இல்லை என்பதல்ல. 2001இல் வந்த இரண்டாவது இசைத்தட்டின் பெயரைத் தமிழாக்கினால் ‘ஆரியச் சிலுவைப் போர்’. வேத நூல்களில் ஆரியர் என்பது மேன்மையாளர் என்று பொருள்படும். குழுவினர் கொண்டதும் அப்பொருளே. ஆனால் ஐரோப்பியன் காதில் அச்சொல் ஹிட்லரை நினைவூட்டும். தமிழன் காதில் ஒரு நூற்றாண்டு அரசியலை எழுப்பும். அடுத்த சொல்லைக் கேட்கும் முஸ்லிமுக்கு ஜெரூசலேம் நினைவுக்கு வரும். மேலும், அவர்களின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலுமே அமைந்தன. உமறு தன் அயலவரின் வடிவத்தை எடுத்து அயலவரோடு பேசினார். இவர்கள் தூரத்து வடிவத்தை எடுத்துத் தூரத்தோடு பேசினார்கள். அயல்வீட்டுத் தமிழ்ப் பாட்டிக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

மார்க்கத்தின் பக்கமும் உண்டு. மலேசியாவில் 2001இல் ‘பிளக் மெற்றல்’ இசைக்கு எதிராக அதிகாரிகள் கடும் நடவடிக்கை எடுத்தார்கள். 2006இல் அங்குள்ள தேசிய பத்வாக் குழுவும் அந்தக் கலாசாரத்தை நிராகரித்தது. அதற்கு அருகிலேயே வேறொரு காட்சி. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், காரூத் மாவட்டத்துக் கிராமமொன்றின் இஸ்லாமியப் பாடசாலையில் படித்த மூன்று பெண்பிள்ளைகள் 2014இல் ‘வொய்ஸ் ஒஃப் பாசெப்ரொத்’ என்ற மெற்றல் குழுவைத் தொடங்கினார்கள். பாசெப்ரொத் என்றால் அவர்களின் சுந்தா மொழியில் இரைச்சல். இந்த இசையை அவர்களுக்குக் காட்டியவர் அவர்களின் ஆசிரியர். மிரட்டல்கள் வந்தன. ஆனாலும் ஹிஜாபோடு மேடையேறி, பெண் உடலைக் குற்றஞ்சாட்டும் சமூகத்தையும் காடழிப்பையும் பாடினார்கள். 2024 ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பரி விழாவில் பாடினார்கள். இரவல் வாங்கியது, உரியவரின் முற்றத்துக்கே புதுப்பொருளோடு திரும்பிப் போனது. இசை ஹராமா, எவ்வளவு ஹராம் என்பதை உலமாக்கள் பேசட்டும். பிள்ளை என்ன சொல்ல வருகிறான் என்று கேட்பது ஆசிரியனின் வேலை.

ஆகவே மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ ஒரு குழு தொடங்கினால் எதைப் பாடுவாய்? கொஞ்ச நேரம் யோசித்தான். “ஒக்டோபரைப் பாடுவன் சேர். ஆனா எனக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது. வாப்பா சொல்ல மாட்டார்” என்றான்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் தரப்பட்ட நாள். எனக்கு அப்போது பத்து வயது. அவனுடைய வாப்பாவும் கிட்டத்தட்ட என் வயதுதான். புத்தளத்து முகாமில் ஓலைக்குடிசைக்குள் நாகூர் ஹனீபாவின் கசற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மைக் இல்லாமலே கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று அவரைப் பெரியவர்கள் புகழ்வார்கள். உரத்த குரல் எங்களுக்கு அன்று தேவைப்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு தேவை இருக்கிறது. கதிருக்கு உறுமுவதற்கு முன் ஒரு பாடம் கிடைத்திருந்தது. உமறுவுக்குப் பாடுவதற்கு முன் சீறாவைச் சொல்லித்தர ஆலிம்கள் இருந்தார்கள். நம் பிள்ளைகளின் கைப்பேசியில் உலகத்து மெட்டுகளெல்லாம் இருக்கின்றன. அவற்றில் வைத்துப் பாட நம்முடைய கதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை. மறந்துவிட்டால் நல்லது என்று மௌனமாக இருக்கிறோம்.

வாப்பா மறுபடி வந்தபோது, பாட்டைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. “அவனுக்கு ஒக்டோபரைச் சொல்லுங்கோ” என்றேன். அவர் கடைவாசலில் குவிந்திருப்பது போலவே மனதிலும் எத்தனையோ பழைய இரும்பு குவிந்திருக்கும். நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

“எங்கையிருந்து தொடங்கிறது, சேர்?”

“வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிடேக்கை உங்கடை கையிலை என்ன இருந்தது? அதிலையிருந்து தொடங்குங்கோ” என்றேன்.