பூநகரியில் ஒரு நண்பகல்

யாழ்ப்பாணத்தினின்று மன்னாருக்குச் செல்வோர் நாவற்குழியில் கண்டி வீதியை விட்டு வலப்புறம் திரும்புவர். தனங்கிளப்பைக் கடந்ததும் வீடுகள் அருகிவிடும். இருமருங்கும் உவர் நிலம். அதற்கப்பால் பரவைக் கடல். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே முன்னாளில் 'பாதை' என்று வழங்கிய மிதவையே வண்டிகளை அக்கரை சேர்த்தது. 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலத்தின்மீது இன்று சில நிமிடங்களிற் கடந்துவிடுகிறோம். பாதைக்குக் காத்திருந்த நாட்களில் கடற்காற்றை நெடுநேரம் நுகர முடிந்தது என்று முதியோர் சொல்வர். அந்தக் காத்திருப்பை நாம் பெரிதாக விரும்பியிருப்போம் என்று தோன்றவில்லை.

பாலத்துக்கு அப்பால் பூநகரி. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டையின் சிதைந்த மதில்களும், மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்பெற்ற வயல்களும், பனைகளும் இவ்வூரின் அடையாளங்கள். மாசி மாதத்தில் அறுவடை முடிந்த வயல்களில் ஒட்டு மட்டுமே நிற்கும். வீதியோரத்தில் நெல் காயும்.

அத்தகையதொரு மாசியில், மகா சிவராத்திரியன்று, நாம் திருக்கேதீச்சரம் நோக்கிச் சென்றோம். பாலாவியில் நீர் மொண்டு தம் கையாலேயே சிவலிங்கத்துக்கு வார்க்கவேண்டும் என்பது எம்முடன் வந்த பெரியம்மாவின் நெடுநாள் விருப்பம். போர்க்காலத்தில் அங்கே செல்ல வழியிருக்கவில்லை. வழி பிறந்தபின் முழங்கால் நோவு தடுத்தது. எழுபத்தெட்டு வயதில், உபவாசத்துடன், பித்தளைச் செம்பொன்றை மடியில் வைத்துக்கொண்டு பின்னாசனத்தில் அமர்ந்திருந்தார்.

வண்டி பழைய மொறிஸ் மைனர். பாலத்தை நெருங்கும்போதே எந்திரம் இடறத் தொடங்கிற்று. பூநகரிச் சந்தியருகே மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் கடையொன்றில் நிறுத்தினோம். கடைக்கார இளைஞர் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளேயிருந்த பொயின்ற் கருகிக் குழிவிழுந்திருந்தது. டிக்கியில் இருந்த புதிய பொயின்றை எடுத்துக் கொடுத்தோம். அரைமணி நேரத்திற் பூட்டிவிட்டார். ஆனால், இடறியபடியாயினும் ஓடிவந்த கார் இப்போது கிளம்பவே மறுத்துவிட்டது. ஸ்ராட்டர் சுழன்றது; எந்திரம் ஒருமுறையேனும் வெடிக்கவில்லை. பலமுறை முயன்றதிற் பற்றறியும் தளர்ந்தது.

இளைஞரைக் குறைகூற எமக்கு மனமில்லை. இன்றைய மோட்டார்ச் சைக்கிள்களில் பொயின்ற் என்பதே கிடையாது. மன்னார் செல்லும் பஸ்கள் யாத்திரிகர் நெருக்கத்துடன் கடந்துபோயின. அந்த நெரிசலில் பெரியம்மா நிற்கமாட்டார். வானம் வெளுத்து, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. செம்பை மட்டும் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

கடைக்காரர் ஆளனுப்பி, அயலில் வசித்த முதியவர் ஒருவரை அழைப்பித்தார். அவர் முன்னாளில் வாடகைக் கார் ஓட்டியவர். 1990க்குப் பின் வடக்கே பெற்றோல் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய தலைமுறை அது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எந்திரத்தைக் கிளப்பிச் சூடாக்கியபின், மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகைபடிந்த பிளக்குகளை ஓயாது துடைத்தமையால் தீப்பொறியின் குணம் அவர்களுக்கு அத்துப்படி.

வந்தவர் ஆணியொன்றையும் தொடவில்லை. சாவியைத் திருப்பச் சொல்லிக் காதுகொடுத்தார். பெற்றோல் பம்ப் சிலமுறை 'டிக், டிக்' என்று அடித்து ஓய்ந்தது. "பெற்றோல் வந்து நிறைஞ்சிட்டுது. அதைப் பாக்கத் தேவையில்லை, தம்பி," என்றார்.

பின்பு பன்னிரண்டு வோல்ற் பல்ப் ஒன்றில் இரு வயர்களை இணைத்து, ஒன்றை எந்திரத்தின் இரும்பிற் பிடித்தார். மற்றதைக் கொயிலில் மின்சாரம் வந்துசேரும் முனையில் வைத்தபோது பல்ப் எரிந்தது. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் புறப்படும் முனையில் வைத்தார், எரியவில்லை. பொயின்ற் மூடியிருக்கும்போது எரியாதிருப்பது இயல்பு. ஆகவே, தடித்த காகிதத்துண்டொன்றைப் பொயின்றின் இடையிற் செருகி அதைத் திறந்தே வைத்தார். அப்போது எரியவேண்டும், அப்போதும் எரியவில்லை. இறுதியாக, டிஸ்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய வயரைக் கழற்றினார். உடனே பல்ப் எரிந்தது!

"உள்ளுக்கைதான் எங்கேயோ இரும்பிலை முட்டுது, தம்பி," என்றார்.

காரணத்தை வாசகருக்குச் சற்று விளக்குதல் தகும். கொயிலின் மின்னோட்டத்தைப் பொயின்ற் திடீரெனத் துண்டிக்கும்போதே பிளக்கிற் பொறி பிறக்கிறது. துண்டிக்கப்படாத மின்சாரம் பொறி தராது. பொயின்றின் வில்லையும், கொயில் வயரையும், கொண்டென்சர் வயரையும் ஒரு சிறு தூணில் மாட்டி மேலே நட்டு இடுவர். அத்தூணோ இரும்புடன் தொடர்புடையது. வயர்கள் அதைத் தொடாதிருக்கவே தொப்பி வடிவமான சிறு காப்பு ஒன்று உண்டு. வயர்களின் நுனிகள் அத்தொப்பியின் கீழே, வில்லைத் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். எமது காரில் அவை தொப்பியின் மேலே, நட்டுடன் ஒட்டியிருந்தன. பொயின்ற் திறந்தாலும் மூடினாலும் மின்சாரம் தூண்வழியே ஓடிக்கொண்டேயிருந்தது.

முதியவர் அதைத் தாமே மாற்றவில்லை. இளைஞரைக் கொண்டே கழற்றுவித்து, ஒழுங்காகப் பூட்டுவித்தார். புதிய பொயின்றின் எண்ணெய்ப் பூச்சைப் பெற்றோல் தோய்ந்த துணியாற் துடைப்பித்து, இடைவெளியை 0.4 மில்லிமீற்றர் தகட்டால் அளந்து வைப்பித்தார். மூடுமுன் "றோட்டர் எங்கை?" என்று கேட்டார். அது இளைஞரின் சட்டைப்பையில் இருந்தது! பெற்றோலில் நனைந்திருந்த பிளக்குகளும் துடைக்கப்பட்டன.

தளர்ந்த பற்றறியை மேலும் வருத்தாது, முன்புறத்துக் கைப்பிடியாற் சுற்றுமாறு பணித்தார். பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடிக்காமல், மற்றை விரல்களுடன் ஒரே பக்கத்தில் வைத்து மேல்நோக்கி இழுக்கவேண்டும் என்பதைச் செய்துகாட்டினார். எந்திரம் பின்னுக்கு உதைத்தால் விரல் முறிந்துவிடுமாம். இரண்டாம் இழுப்பிலேயே கார் உயிர்பெற்றது.

கூலி கொடுக்க முற்பட்டபோது முதியவர் மறுத்துவிட்டார். "அம்மா, எனக்கும் சேர்த்து ஒரு செம்பு வாருங்கோ," என்று பெரியம்மாவிடம் மட்டும் கேட்டுக்கொண்டார். இளைஞர் தம் தொலைபேசியில் அத்தொப்பியைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என ஊர்கள் கழிந்தன. பாலாவிக் கரையை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நீண்ட வரிசையில் நின்று பெரியம்மா ஒரு செம்பு வார்த்தார். திரும்பிச் சென்று வரிசையின் கடைசியில் மீண்டும் நின்றார்.