சைக்கிளை விட்டு இறங்குதல்

துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பது மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்து வழக்கம். இதனை அற்ப விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். 1941-இல் வேலைநிறுத்தம் செய்த கிள்ளான் தோட்டத் தொழிலாளர் அவ்விதம் எண்ணவில்லை. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றுடன், சைக்கிளில் அமர்ந்தபடியே செல்லும் உரிமையையும் கேட்டனர். அடிமைப் புத்தி அன்றாடம் ஊட்டப்படுவது இத்தகைய சிறு வழக்கங்களாலேயே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

விளைவு யாது? மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, தொழிலாளர் ஐவர் மாண்டனர். ஆயினும் துரையையும் கேள்வி கேட்கலாம் என்பதைத் தோட்டம் கற்றுக்கொண்டது. யுத்தத்திற்குப் பின் சங்கங்கள் எழுந்தன. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது.

நான் நீலாய் வாசி. இங்கே இரப்பர் நின்ற நிலங்களில் இன்று வீடுகளும் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. லயத்தில் பிறந்த நம்மவர் சிலர் மேற்பார்வையாளராய் உயர்ந்தனர், மகிழ்ச்சியே. அவர்களின் கீழ் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். அயல்நாட்டுத் தொழிலாளரின் பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் முதலாளிகள் இந்நாட்டில் உண்டு. அன்றைய கிராணி துரையின் பக்கம் நின்றாரென்று நாம் இன்றும் குறை கூறுகிறோம். அந்த நாற்காலியில் நம்மவரே அமர்ந்திருக்கையில் நாம் எந்தப் பக்கம்?

அன்று சீனருக்குச் சமமான கூலியை நாம் கேட்டது நியாயமானால், இன்று அவர்கள் நமக்குச் சமமான கூலி கேட்பதும் நியாயமே. அவர்களுக்காக முதலாளியைக் கேட்கும் முதற்குரல் நம்முடையதாயிருத்தல் வேண்டும்.