மகள் வைத்த பெயர்

‘அருளர்’ என்பது ஓர் இயக்கப் பெயர். 1975இல் லண்டனில் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அருட்பிரகாசத்துக்கு உரியது. நம் வாசகர்கள் அவரை ‘லங்கா ராணி’ நாவலின் ஆசிரியராகவும் அறிவார்கள். 1977 வன்செயலின் பின் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் கதை அது. அந்த இயக்கப் பெயரையே அவருடைய மகள் மாதங்கி தன் முதலாவது இறுவட்டுக்கு வைத்தார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவர் பாடிய ‘அருளர்’ 2005 மார்ச்சில் வெளிவந்தது. அவ்வாண்டே பிரித்தானியாவின் மேர்க்குரி இசைப் பரிசுக்கான பட்டியலிலும் இடம்பெற்றது.

மாதங்கி சங்கீதம் பயின்றவர் அல்லர். கலைக் கல்லூரியில் படித்து ஓவியம் வரைந்தவர். தாளமும் ஓசையும் தரும் றோலண்ட் எம்.சி. 505 என்ற ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டே முதற் பாடல்களை உருவாக்கினார். ‘கலாங்’ 2003இல் வந்தபோது அச்சிட்டவை வெறும் 500 பிரதிகள். இதை எந்த வகையில் சேர்ப்பது என்று விமர்சகர்கள் ஹிப்ஹொப், நடன இசை, பிரேசில் சேரிகளின் ஃபங்க் என்று பலதும் எழுதினார்கள். எனக்கு இது நாட்டார் பாட்டாகவே கேட்கிறது. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வது போன்ற அமைப்பு. பொருளுக்காக அன்றி ஓசைக்காகக் கூடிவந்த சொற்கள். ‘கலாங்’ முடிகிற இடத்தில் சொல்லில்லாத ஒரு கூவல் எழுகிறது. எருக்கலம்பிட்டிக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது பெண்கள் இடும் குரவை அது என்றால் என் ராத்தா சிரிக்கிறாள்.

ஆனால் மன்னாரிலிருந்து இதைக் கேட்பது அவ்வளவு இலகுவல்ல. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். தீவிலிருந்து நாங்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. விடுதலை, துவக்கு, போராளி என்ற சொற்கள் எங்கள் காதில் விழும் விதமே வேறு. இறுவட்டின் அட்டையில் மாதங்கியின் முகத்தைச் சுற்றிப் பளிச்சென்ற வர்ணங்களில் யுத்த தாங்கிகளும் துவக்குகளும். கொழும்பிலிருந்து தம்பி கொண்டுவந்த அந்த அட்டையை வாப்பா ஒருமுறை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

வாப்பாவின் பக்கம் நியாயம் இருந்தது. அழிவை அலங்காரமாக்கும் இடங்கள் இத்தொகுப்பில் உண்டு. ஊரை விட்டு ஓடாதவர்தான் தாங்கியை இளஞ்சிவப்பில் வரைவார் என்று சொல்லிவிடலாம். ஆனால் மாதங்கியும் ஓடிவந்தவர். 1986இல் தாய் கலா மூன்று பிள்ளைகளுடன் லண்டனுக்கு அகதியாகப் போய், தையல் வேலை செய்து அவர்களை வளர்த்தார். தந்தை கூட இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எப்போதாவது வந்துபோன அவரைப் பிள்ளைகளுக்கு ‘மாமா’ என்றே அறிமுகப்படுத்தியிருந்தார்கள். மேற்கத்தியப் பத்திரிகைகள் பல அருளரைப் புலி இயக்கத்தவர் என்றே எழுதின. அவர் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஒரு பாடலில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது என்று எம்.டி.வி. அதை ஒளிபரப்ப மறுத்ததும் பெரிய செய்தியானது. இந்த ஆரவாரத்தில், இது தகப்பனைத் தேடும் ஒரு மகளின் இறுவட்டு என்பது பலருக்குக் கேட்காமல் போயிற்று. அவர் தன் பெயரைத் தேடிப் பார்க்கும்போது தன்னைக் கண்டுகொள்ளட்டும் என்றே அந்தத் தலைப்பை வைத்ததாக மாதங்கி சொல்லியிருக்கிறார். அவர் கண்டுகொண்டார். தலைப்பை மாற்றும்படி மின்னஞ்சல் அனுப்பினார். மகள் மாற்றவில்லை.

இயக்கம் என்ற பெரிய சொல்லுக்குக் கீழே வீட்டில் மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுடைய பாட்டு இது. அப்படிக் கேட்கும்போது எங்களுக்கும் அதற்குமான தூரம் குறைகிறது.

எங்கள் பெண்களிடமும் பாட்டு இருந்தது. புத்தளத்து முகாமின் ஓலைக் குடிசையில் உம்மம்மா பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது, பழைய தாலாட்டு மெட்டிலேயே வள்ளத்தையும், விட்டுவந்த ஆட்டையும், உப்புக் கரிக்காத எங்கள் கிணற்றையும் கொண்டுவந்து சேர்ப்பார். வெளியே ஆண் குரல் கேட்டால் நிறுத்திவிடுவார். பெண்ணின் குரலைப் பற்றி எமக்குள் நடக்கும் வாதம் எல்லோரும் அறிந்தது. ஆனால் உம்மம்மாவை நிறுத்தியது மார்க்கத்தைவிடக் கூச்சம்தான். “இதெல்லாம் ஒரு பாட்டா புள்ள?” என்பார். தன் சொல் தனக்கே ஒரு சொல்லாகத் தெரியவில்லை. நாட்டார் பாடல் தொகுதிகளைப் புரட்டினாலும், அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கும்; பாடிய பெண்ணின் பெயரைக் காண்பது அரிது.

மாதங்கியின் இரண்டாவது இறுவட்டு 2007இல் வந்தது. பெயர் ‘கலா’. தமிழ்நாட்டு உறுமி மேளக்காரர்களின் முழக்கம் அதில்தான் இருக்கிறது. தகப்பனுடையது இயக்கப் பெயர். தாயுடையது வீட்டில் கூப்பிடும் பெயர். அருளர் 2019இல் காலமானார்.

உம்மம்மா புத்தளத்திலேயே மௌத்தானார். யுத்தம் முடிந்த பின் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது அந்த மெட்டு வந்துவிட்டது, சொற்களில் பாதி வரவில்லை. எனக்குச் சில அடிகள் நினைவிருக்கின்றன, ராத்தாவுக்கு வேறு சில. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதுமில்லை. போன மாதம் ராத்தா தனக்குத் தெரிந்ததைக் கைபேசியில் பாடிப் பதிவுசெய்தாள். நாலு நிமிடம், நடுவில் ஆடு கத்துகிறது. பதிவுக்கு ஒரு பெயர் இடச் சொல்லிக் கைபேசி கேட்டது. ராத்தா உம்மம்மாவின் பெயரை எழுத்துக் கூட்டி இட்டாள்.