புல்லுக்கடியில் யார்?

புல்தரையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், போனதும் நான் பார்ப்பது ஓட்டையின் ஓரத்தில் கிடக்கும் மண்ணைத்தான். எவ்வளவு மண் வெளியே வந்திருக்கிறது, ஒரு பக்கமாகக் கிடக்கிறதா, சுற்றிலும் கிடக்கிறதா, பொடியா உருண்டையா, இல்லை மண்ணே இல்லாமல் விளிம்பு வழவழவென்று இருக்கிறதா. உள்ளே இருப்பது யார் என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும். பல வீடுகளில் அந்தப் பொறுமை வருவதற்குள் குருணை மருந்து வந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் வரை புல் போட்டுப் பராமரிப்பது என் தொழில். வடசென்னையில் புல்தரையா என்று கேட்பார்கள். கம்பெனிக் குடியிருப்புகளின் முகப்பில், அலுவலக வளாகங்களில், சுண்ணாம்புக் காரைச் சுவர் இன்னும் நிற்கும் பழைய வீடுகளின் முன்வாசலில், கால் கிரவுண்ட் அரை கிரவுண்ட் என்று இருக்கத்தான் இருக்கிறது. லாரிப் புழுதிக்கும் சாம்பலுக்கும் நடுவே அந்தப் பச்சையைக் காப்பாற்ற ஒரு குடும்பம் படும் பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்த அக்கறைக்கு மரியாதை செய்வதென்றால் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

இங்கே அடிமண் கடல் மணல். அதன்மேல் அரை அடிக்குச் செம்மண் லோடு. அதன்மேல் மாட்டெரு. அதற்கும் மேலே சதுர அடிக் கணக்கில் வாங்கிவந்து விரிக்கும் கொரியன் புல். மணல் தன் பூச்சியை ஏற்கெனவே வைத்திருக்கிறது. செம்மண்ணும் எருவும் தங்கள் பூச்சிகளை லாரியில் கொண்டுவருகின்றன. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "மண்ணு எங்கேருந்து வந்துச்சு சார், எரு எப்பப் போட்டீங்க?"

அடுத்து, அது பூச்சிதானா என்று பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய குடியிருப்புகளில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குச் சாய்வான வளையும், ஒரு பக்கம் விசிறியாக இறைத்த மணலும் இருந்தால் அது நண்டு. கழிமுகத்துப் பக்கம் ஈரச் சேற்றில் சின்னச் சின்ன உருண்டைகள் சிதறிக் கிடந்தாலும் நண்டுதான். சுருள் சுருளாக, ஈரமாக, விரலால் தொட்டால் குழையும் மண் குவியல் என்றால் நாங்கூழ்ப் புழு. அதைக் கண்டால் நான் சந்தோஷப்படுவேன், இந்த உப்பு மண்ணில் அது பிழைத்திருப்பதே பெரிய விஷயம். இரவோடு இரவாகக் கூடை மண் வெளியே வந்திருந்தால் பெருச்சாளி. பென்சில் குத்தியதுபோல் கீழே போகப் போகக் குறுகும் துளைகள் வரிசையாக இருந்து, மண்ணே வெளியே வராமல் இருந்தால், அது கொண்டலாத்தி அலகு விட்ட தடம். அந்தத் துளையை யாரும் மூட வேண்டாம். எந்த இடத்தில் புழு இருக்கிறது என்பதைப் பறவை எனக்கு முன்பே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது.

புல் மஞ்சளாவதெல்லாம் பூச்சியால் அல்ல. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவான செய்தி. இந்தப் பட்டையில் போர் தண்ணீர் விடுகிற பல வீடுகளில் புல்லின் நுனி கருகுகிறது. உப்பால் கருகிய புல்லைப் பிடித்து இழுத்தால் வேர் விடாது, கெட்டியாக நிற்கும். குழாயின் போக்கிலேயே கருகல் போகும். பூச்சி தின்ற இடம் திட்டுத் திட்டாக இருக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். வீட்டுக்காரர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்த ஒரு இழுப்பைத்தான்.

பிள்ளைப்பூச்சிக்கு வருகிறேன். காலையில் புல்லின் மேல் விரல் அகலத்துக்கு மண் வரம்பு எழும்பி, வளைந்து வளைந்து ஓடியிருக்கும். மிதித்தால் உள்ளே பொது பொதுவென்று அமுங்கும். அது மண்ணை வெளியே தள்ளாது; மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே நீந்துவதுபோல் தோண்டிக்கொண்டே போகும். வேரைக் கடிப்பதைவிட, மண்ணைத் தூக்கி வேரை அந்தரத்தில் விடுவதுதான் இந்த மணலில் அதிகச் சேதம். ஒரு வெயிலுக்கு அந்த வரம்பு முழுக்கக் காய்ந்துவிடும். பூச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் மலைத்துப் போவீர்கள். மூன்று சென்டிமீட்டர் உடம்பு, வெல்வெட் போன்ற பழுப்பு ரோமம், முன்னங்கால் இரண்டும் பல் வைத்த மண்வெட்டி. மூடிய கைக்குள் வைத்தால் விரல் இடுக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கடிக்காது. நம் நூல்களில் முன்பு கிரில்லோடால்ப்பா ஆஃப்ரிகானா என்றிருக்கும். ஆசியாவில் இருப்பதை இப்போது ஓரியண்டாலிஸ் என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

இதைக் காதாலும் கண்டுபிடிக்கலாம். மழைக்குப் பிறகு பொழுது சாய்ந்ததும் தரைக்குள்ளிருந்து விடாமல் ஒரே தாழ்ந்த ரீங்காரம் வந்தால் ஆண் பிள்ளைப்பூச்சி. சுவர்க்கோழி அப்படிக் கத்தாது. அதன் குரல் விட்டு விட்டு, மேல் ஸ்தாயியில் வரும். இந்த ஆண் பூச்சி தன் வளையின் வாயை நாதஸ்வரத்தின் அணைசு போல விரித்துக் கட்டி, உள்ளே உட்கார்ந்து பாடுகிறது. பிரான்ஸில் உள்ள ஓர் இனத்தை ஆராய்ந்த பென்னெட்-கிளார்க், காற்றில்லாத இரவில் அந்தக் குரல் 600 மீட்டர் வரை கேட்கும் என்று 1970இல் எழுதினார். எண்ணூர் நெடுஞ்சாலையில் அவ்வளவு அமைதியான இரவு கிடைக்காது. ஆனாலும் பின்னிரவில் லாரி ஓய்ந்த இடைவெளியில் தரையில் காது வைத்தால் எந்தப் பக்கம் என்று திசை பிடிக்கலாம். முதல் மழை நாட்களில் இவை விளக்குக்குப் பறந்து வரும். கன்டெய்னர் யார்டுகளின் உயர்கம்ப விளக்கை ஒட்டிய வீடுகளில் இதைக் கவனியுங்கள். இரவு முழுக்க முன்வாசல் விளக்கை எரியவிட்டால் பூச்சியை நாமே அழைப்பதாகும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு குடத்தில் பாதிக்கும் குறைவாக, ஐந்து லிட்டர் போதும். வரம்பு ஓடிய இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குப் பூவாளியில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பிள்ளைப்பூச்சி மேலே ஏறி வரும், கையால் எடுத்துவிடலாம். உப்புப் போர் தண்ணீரில் சோப்பு சரியாக வேலை செய்யாது. மெட்ரோ வாட்டரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரால் புல்லை அலசிவிட வேண்டும்.

வேர்ப்புழு இந்தச் சோதனைக்கு வராது. அதற்கு மண்வெட்டிதான். புல் மஞ்சளான திட்டின் நடுவில் வேண்டாம், திட்டும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி மூன்று பக்கம் வெட்டி, புல்லைப் பாய் மாதிரிப் புரட்டுங்கள். கொழுத்த வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, தலையும் வாலும் சந்திக்க வளைந்து கிடக்கும். இங்கே அவசரப்படக் கூடாது. எரு போட்ட மண்ணில் இதே தோற்றத்தில் வேறு புழுக்களும் உண்டு. அவற்றில் சில வேரைத் தொடுவதே இல்லை, மக்கிய எருவைத்தான் தின்னும். நான் செய்வது எளிது. புழுவை வழவழப்பான தட்டில் விட்டுப் பார்க்கிறேன். மல்லாந்து படுத்து, ஆறு காலும் ஆகாயத்தைப் பார்க்க, முதுகாலேயே வேகமாக ஊர்ந்து போனால் அது பூவில் வந்து உட்காரும் பளபள வண்டின் குஞ்சு. எருக்குழியில் கொண்டுபோய் விட்டுவிடலாம், நம் மண்ணுக்கு வேலை செய்யும். பக்கவாட்டில் வளைந்து கிடந்து, காலால் உந்தத் தடுமாறினால் வேர் தின்னும் ஹோலோட்ரிக்கியா வகையாக இருக்க வாய்ப்பு. கட்டைவிரலைவிடப் பருத்து, எருவுக்குள்ளேயே கிடைத்தால் காண்டாமிருக வண்டின் புழு. அது புல்லுக்குப் பகை இல்லை, வண்டாகிப் பறந்த பிறகு தென்னையின் குருத்துக்குப் பகை. ஒரே வெள்ளைப் புழு என்று மூன்றையும் நசுக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தட்டில் ஒரு நிமிடம் விட்டுப் பார்க்க என்ன கஷ்டம்?

இந்தப் பூச்சிகளைப் பற்றி நம்மிடம் பழைய நூல்கள் உண்டு. ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூல் வெளிவந்தது 1914இல். டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் கையேடு 1940இல். இரண்டும் வயலையும் தோப்பையும் மனத்தில் வைத்து எழுதியவை. விவசாயிக்கு விளைச்சல் போகிறது, அதனால் பூச்சி என்றால் சேதம் என்ற கணக்கு நியாயம். வீட்டுப் புல்லில் அறுவடை கிடையாது. வயல் மருந்தை வயல் அளவில் குழந்தைகள் புரளும் இடத்தில் போட எந்த நியாயமும் இல்லை. பி.எச்.சி. பவுடர் 1997இல் தடை செய்யப்பட்டது. ஃபோரேட் குருணை 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. இருந்தும் பழைய டப்பாவைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, இது கொஞ்சம் மீதி கீது, போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். கைபடாமல் தனியே எடுத்து வையுங்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள்.

குளவியைப் பற்றித்தான் அதிகப் பயம். புல் விடாத மணல் திட்டில் சாய்வான ஒரு துளை, ஒரு பக்கம் மட்டும் பொடி மண், நண்பகல் வெயிலில் தனியாக ஒரு குளவி போவதும் வருவதும். இது கூட்டுக் குளவி அல்ல. கூடு காக்கும் சேனை இதற்குக் கிடையாது. கையால் பிடித்தாலொழியக் கொட்ட வராது. ஸ்பெக்ஸ் இனம் வெட்டுக்கிளியைக் கொட்டி மயக்கி இழுத்துவரும். வாசலில் இரையை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இழுக்கும். அந்த ஒழுங்கைப் பார்ப்பதற்காகவே நான் வேலையை நிறுத்தியிருக்கிறேன். கடலோர மணலில் இருக்கும் பெம்பிக்ஸ் குளவி ஈயைப் பிடித்துத் தினமும் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மீன் காயவைக்கிற பகுதியில் ஈ பிடிக்கும் பூச்சிக்கு இடம் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? லாரா என்ற கருங்குளவி இன்னும் ஒரு படி மேல். பிள்ளைப்பூச்சியை அதன் வளையிலிருந்தே விரட்டி வெளியேற்றி, கொட்டி, உடம்பில் ஒரு முட்டை ஒட்டிவிட்டுப் போகும். சில நிமிடத்தில் பிள்ளைப்பூச்சி எழுந்து மண்ணுக்குள் போய்விடும், முட்டையோடு. அதற்குப் பிறகு குளவிக்குஞ்சு தன் வேலையை முடித்துவிடும். மண் வரம்பு ஓடுகிற தரையில் கருங்குளவி தாழப் பறந்து வளை வளையாக எட்டிப்பார்த்தால், மருந்து டப்பாவை மூடி வைத்துவிட்டு அதை வேலை செய்யவிடுங்கள்.

தேனீயும் மண்ணில் வளை தோண்டும். நீலப்பட்டைத் தேனீ ராயபுரத்துப் பழஞ்சுவர்களின் காரை உதிர்ந்த இடத்திலும், அதன் அடியில் காய்ந்த மண்ணிலும் கூடு வைக்கும். உடம்பை அதிரவைத்துக் கத்தரிப் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்ப்பது இதுதான். மாடியில் கத்தரியும் தக்காளியும் வைத்திருப்பவர்கள் தரையில் இந்த வளைகளை மூடச் சொல்லும்போது நான் மூட மாட்டேன்.

எறும்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாயைச் சுற்றி உமி வளையம் இருந்தால் விதை சேர்க்கும் எறும்பு, விட்டுவிடலாம். காலை வைத்ததும் பத்து இடத்தில் சுருக்கென்றால் நெருப்பெறும்பு, குழந்தை விளையாடும் இடத்தில் அதை மட்டும் வெந்நீர் ஊற்றி எடுக்க வேண்டும். குழிநரி மழை படாத சன்ஷேடுக்கு அடியில்தான் கூம்புக்குழி வெட்டும், புல்லுக்குள் வராது.

கறையான் விஷயத்தில் திருவொற்றியூர்க்காரர்கள் நிதானமானவர்கள். ஊர்க் கோயிலில் ஆதிபுரீஸ்வரரே புற்று வடிவம். ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருந்து கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் விலக்கிப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்படுகிறார். அங்கே பிறந்து வளர்ந்த அம்மா ஒருவர் புல்லோரப் புற்றை இடிக்க விடவில்லை. தொழில் முறையிலும் அவர் செய்தது சரி. நம் கறையான் பசும்புல்லை விரும்பித் தின்பதில்லை. காய்ந்த புல்லின் மேல் மெல்லிய மண்போர்வை போர்த்தி, அதற்கு அடியில் தின்னும். வெட்டிய புல்லை வாரி எடுத்துவிட்டு, வீட்டு மரச்சட்டத்துக்கும் மண்ணுக்கும் தொடர்பு இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆக மிஞ்சுவது பிள்ளைப்பூச்சியும் வேர்ப்புழுவும்தான். பிள்ளைப்பூச்சிக்கு சோப்புத் தண்ணீரும் கையும், மாலையில் தண்ணீர் விடுவதைக் காலைக்கு மாற்றுவதும். வேர்ப்புழுவுக்கு மெட்டாரைசியம் பூஞ்சணத்தை மக்கிய எருவில் கலந்து, ஈரம் இருக்கும்போது, வெயில் இறங்கிய பிறகு போட வேண்டும். வெயிலில் போட்டால் பூஞ்சணம் செத்துவிடும். அதைவிட நல்லது, வண்டு முட்டை வைப்பதற்கு முன்பே பிடிப்பது. கோடை மழை ஒன்று மண்ணை நனைத்ததும் ஹோலோட்ரிக்கியா வண்டுகள் இருட்டியவுடன் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பமரத்தில் கூடி இலை தின்னும். அன்று இரவு எட்டு மணிக்கு டார்ச்சும், பழைய புடவை ஒன்றும், மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வாளியும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள். புடவையை விரித்துக் கிளையை உலுக்கி, விழுந்ததை வாளியில் போடுங்கள். பக்கத்து வீட்டு வேம்பையும் சேர்த்து உலுக்க வேண்டும், வண்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது.