வானம் தெரியும் இடம்

கிளிநொச்சியில் ஒரு வீட்டு முற்றம். செய்மதியால் நெறிப்படுத்தப்படும் அதிர்வெண் நியமம் ஒன்றை அமைத்த இளைஞன், அதன் அலைவாங்கிக்கு இடந்தேடி அண்ணாந்து நின்றான். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உலவும் அணுக்கடிகாரங்களே அவனது கருவியிலுள்ள பளிங்கின் துடிப்பைத் திருத்தவேண்டியவை. அவற்றின் சைகையோ மிக மெலிந்தது. ஈர இலைகள் அதனை விழுங்கும். தகரக் கூரை தெறிக்கவைத்து ஏமாற்றும். ஒளி ஒரு நனோசெக்கனில் 30 சென்ரிமீற்றரே செல்லுமாதலின், சுற்றிவந்த சைகை பிந்தியே சேரும்.

முற்றத்து வேம்பைத் தறித்தால் வானம் முழுதும் திறக்கும். தாய் இசையவில்லை. 2010இல் மீளக் குடியேறியபோது, நிழலென்று எதுவுமற்ற காணியில் அவள் நட்ட மரம் அது.

"நேரம் பாக்கிறதுக்கு மரத்தை வெட்டுறதோ, தம்பி?"

நேரத்தின் பேதங்களை அவள் அறியாதவளல்லள். 1996இல் அரசு கடிகாரங்களை முன்னகர்த்தியபோது, வன்னியில் புலிகளின் ஆட்சிப்பகுதி பழைய நேரத்தையே கைக்கொண்டது. 2002இல் பாதை திறந்தபின், ஓமந்தையைக் கடந்தோர் அரைமணி நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் நடந்தனர். அரசு பழைய நேரத்துக்கு மீண்டது 2006இலேதான்.

"ரெண்டு நேரத்தோடை சீவிச்சுப் போட்டம். நிழலில்லாத அந்தக் கோடையைத்தான் தாங்கேலாமல் கிடந்தது."

இளைஞன் மீண்டும் கணக்கிட்டான். இடத்தை அறிய நான்கு செய்மதிகள் வேண்டும். அசையாத அலைவாங்கி தன் இடத்தை அறிந்தபின், நேரத்திற்கு ஒன்றே போதும். கிணற்றடியில், கூரைக்கு மேலெழும் இரும்புக் குழாயொன்றை நட்டான். இருபது மீற்றர் வடம் சைகையை ஏறத்தாழ 100 நனோசெக்கன் தாமதிக்கச் செய்யும். ஆயினும் மாறாத தாமதம் அதிர்வெண்ணைக் கெடுப்பதில்லை. வேம்பு மறைத்தது மேற்கு வானின் ஒரு துண்டை மட்டுமே.

கருவியின் விளக்கு பச்சையானபோது, தாய் வேம்பின் கீழ் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள்.