பன்னிரண்டு இலக்கம்

நெகிரி செம்பிலானின் ரஹாங்கில் பிறந்த ஒருவர் தம் ஐசி (அடையாள அட்டை) எண்ணைச் சொன்னால் கேட்பவருக்குப் பாதி ஜாதகம் கிடைத்துவிடும். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். நெகிரி செம்பிலானுக்குப் பெரும்பாலும் 05. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். மீதி ஜாதகத்தை அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டவை சொல்லும்: கைப்பேசி, வங்கிக் கணக்கு, இ.பி.எஃப்., கிளினிக்கில் எழுதிய மருந்து. அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைக் காண்டோவில் காவலாளி கேட்டாலும் சொல்கிறோம், கைப்பேசிக் கடையில் கேட்டாலும் சொல்கிறோம். ஏன் கேட்கிறீர்கள் என்று நம்மில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தரங்கம் என்பதே பழக்கமில்லை, அதனால்தான் இப்படி என்று விவரம் தெரிந்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஏற்கவில்லை. லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான். பல வீடுகளில் அது கூரை வரைக்கும்கூடப் போகாது. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு இருமல், எந்தப் புருஷன் கள்ளுக்கடையிலிருந்து எந்த நேரத்துக்கு வந்தான் என்பதெல்லாம் இந்தப் பக்கம் படுத்திருப்பவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ளும் ஒரு மரியாதை இருந்தது. ராத்திரி அடிபட்டு அழுதவள் விடியற்காலையில் பெரட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு அக்கா எதுவும் கேட்காமல் தன் வரக்காப்பியில் பாதியை ஊற்றிக் கொடுப்பாள். அதையும் மீறி வாய் நீண்டவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்; அவர்கள் வரும்போது பேச்சை மாற்றிக்கொள்ளலாம். கிராணியின் செக்ரோலில் நம் பெயரும் கடனும் இருந்தன என்பது உண்மை. அந்தப் புத்தகம் ஆபீஸ் அலமாரியை விட்டு நகராது. தோட்டம் கைமாறியபோது கரையானோடு அதுவும் போயிற்று.

நாம் எண்ணைக் கேட்டவுடன் நீட்டுவதற்குக் காரணம் வேறு. அது பயத்திலிருந்து வந்தது. 1948-இல் அவசரகாலம் பிறந்தபோதுதான் மலாயாவில் எல்லோருக்கும் படமும் கைநாட்டும் வைத்த அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அட்டை இல்லாதவரை ராணுவம் சந்தேகித்தது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோ, பால்மரம் வெட்டுகிறவர்களிடமிருந்து அதைப் பிடுங்கிக் கிழித்தார்கள். இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட நம் தாத்தாக்கள் அந்தக் காகிதத்தை உயிரைப்போலப் பொத்தி வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. பிறப்புப் பத்திரம் இல்லாமல், மனு போடத் தெரியாமல், குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர்! 1969-ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தது. இங்கேயே வாழ்ந்த பலர் தெரியாத இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். நீல ஐசி கைக்கு வந்த நாளைக் கல்யாண நாளைப்போல நினைவில் வைத்திருந்த பெரியவர்களை நான் அறிவேன். அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு மேசையும் ஒரு பாரமும் ஒரு கேள்வியும் எதிரே வந்தால் கை தானாகவே பர்ஸுக்குப் போகிறது.

ஒருமுறை எங்கள் கோயில் மண்டபத்தில் உதவித்தொகைக்குப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காரியம், பதிவு செய்த பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மா, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஐசியை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு உறை. இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்தார், வங்கிப் புத்தகத்தையும் எடுத்தார், மூன்றையும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு அனுப்பினார். “அட்டையைப் படம் எடுத்து ஏம்ப்பா குழுவுல போடுறீங்க?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாவே சொன்னார்: “போட்டா போடட்டும் தம்பி. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு? ஐசி இருக்கிறதே பெரிசு.” அந்த இளைஞர் உடனே படங்களை அழித்தார். ஆனால் குழுவில் இருந்த மற்றவர்களின் கைப்பேசிகளில் அவை கேலரிக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். 

மறைக்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும். நிறைய இருக்கிறது, அம்மா. தத்தெடுத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இன்னும் முடியாத வீடு இருக்கிறது. ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் கடன் வாங்கியவரின் ஐசி நகல், முகத்தோடும் முகவரியோடும் தாமான் விளக்குக் கம்பத்தில் ஒட்டப்படுவதைப் பார்த்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றப்படுவதையும் பார்த்திருக்கிறோம். முன்பு அந்த நகலுக்கு ஆலோங்கின் ஆள் நேரில் வர வேண்டும். இப்போது கடன் செயலி கைப்பேசிக்குள் வந்து, நம் தொடர்புப் பட்டியலையே அள்ளிக்கொண்டு போகிறது. தவணை தவறினால் மகளின் ஆசிரியருக்குச் செய்தி போகும். போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் பேசும் மக்காவ் மோசடிக்காரன், நம் பெயரையும் எண்ணையும் சரியாகச் சொல்வதால்தான் நாம் நம்பிவிடுகிறோம். அவனுக்கு அந்த எண் எங்கிருந்து கிடைத்தது?

2017 அக்டோபரில் தெரிய வந்தது: 46.2 மில்லியன் கைப்பேசிச் சந்தாதாரர் விவரங்கள் கசிந்திருந்தன. நாட்டின் மக்கள்தொகையே அன்று அவ்வளவு கிடையாது. தம் விவரமும் அதில் இருக்கிறதா என்று மக்கள் பார்த்துக்கொள்ளத் தனிமனிதர் ஒருவர் அமைத்த தளம் அடுத்த மாதமே முடக்கப்பட்டது. கசியவிட்டது யாரென்று தெரிந்துகொள்வதற்குள், கசிந்ததா என்று பார்க்கும் கதவை அடைத்தார்கள். 2022-இல், 1940 முதல் 2004 வரை பிறந்த 22.5 மில்லியன் பேரின் விவரம் விற்பனைக்கு என்று ஒருவர் விளம்பரம் போட்டார். அது தேசியப் பதிவுத் துறையிலிருந்து போனதல்ல என்று அமைச்சர் மறுத்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024 திருத்தம் அபராதத்தின் உச்சவரம்பை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சத்துக்கு உயர்த்தியது; தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்றும் ஆக்கியது. ஆனால் மத்திய, மாநில அரசுகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. நம்மைப் போன்றவர்களின் விவரம் அதிகம் கிடப்பது அரசாங்க அலுவலகங்களில்தானே? உதவி வேண்டியவர்தான் அதிகப் பாரம் நிரப்புகிறார். வசதி உள்ளவர் சம்பளத்தைச் சொல்லாமல் காலத்தை ஓட்டலாம். ஏழைக்கு அது முடியாது. இந்த அநியாயம் என்னை உறங்க விடுவதில்லை.

நமக்கு ஒரு தீர்ப்பு துணைக்கு இருக்கிறது, அதிலும் ஒரு தமிழர் தொடுத்த வழக்கில். சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு சொல்லும் தனிமனித சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் புட்டசாமி வழக்கில் அதையே சொல்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது நடந்தது. நம் பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியில் யாராவது சொல்கிறார்களா?

சட்டம் திருந்தும்வரை கைக்கு எட்டுவதைச் செய்யலாம். ஐசி நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதித் தேதி போடுவது இந்த நாட்டில் பழைய வழக்கம். படம் எடுத்து அனுப்பத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டோம். காவலாளி அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அந்த அதிகாரம் அவருக்கு இல்லை என்று நிதானமாகச் சொல்லலாம்; பெயரை மட்டும் எழுதிவிட்டு உள்ளே போகலாம். கோயிலோ சங்கமோ பதிவு செய்தால் ஒரே ஒருவர் ஒரே ஒரு கணினியில் செய்யட்டும், புலனக் குழு வேண்டாம். பாரத்தில் சாதி, கடன், நோய் என்று தேவையில்லாத கட்டம் இருந்தால் அதை அச்சிடும் முன்பே எடுத்துவிடட்டும். அடுத்த பதிவு நாளுக்கு முன் எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப்போகிறேன்.