ஹஜ்ஜுக்கான சேமிப்பும் எண்ணெய் மணலும்



ஹஜ் பயணத்திற்கென நாமும் நம் இல்லத்தாரும் பதினோரு ஆண்டுகளாகச் சேமித்து வருகிறோம். மதரஸா ஊதியத்தில் அத்தொகை மெல்லவே வளர்கிறது. சென்ற ரமலானில் கனடாவிலிருந்து பேசிய சகோதரி மகன், "மாமா, இங்கே எண்ணெய் மணல் கம்பெனிப் பங்குகள் நல்ல லாபம் தருகின்றன. மதுவும் இல்லை, வட்டித் தொழிலும் இல்லை. ஹலால்தானே?" என்றார். நம் உள்ளமும் ஆசைப்பட்டது உண்மை.

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் மாட்டின் பல்லைப் பாராமல் எவரும் பணம் கொடுப்பதில்லை. நாமும் அவ்வாறே பார்க்கத் தொடங்கினோம்.

முதலாவது, வட்டி. இஸ்லாமிய நிதித்துறைக்கு நெறிமுறை வகுக்கும் அயோஃபி அமைப்பின் அளவுகோல்படி, ஒரு நிறுவனத்தின் வட்டிக்கடன் அதன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டையும், ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டையும் எட்டலாகாது. ஆனால் எண்ணெய் விலை சரிந்தால் பங்கின் மதிப்பும் சரியும்; புதுக்கடன் வாங்காமலேயே எல்லை கடந்துவிடும். இன்று தேறிய பங்கு நாளை தேறாமல் போகலாம்.

இரண்டாவது, இழப்பு. ஆல்பர்ட்டா மாநிலத்தில் மணலோடு ஒட்டிக் கிடக்கும் தார் போன்ற எண்ணெயைச் சுடுநீராலும் நீராவியாலும் பிரிக்கச் செலவு மிகுதி. 2014இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழிறங்கியது. அவ்வாண்டுக் கணக்கில் எக்ஸான்மொபில் நிறுவனம் கியர்ல் சுரங்கத்தின் ஏறத்தாழ 350 கோடி பீப்பாயைக் கையிருப்பிலிருந்து நீக்கியது. எண்ணெய் மண்ணில்தான் இருந்தது, எடுப்பது கட்டுபடியாகவில்லை.

மூன்றாவதே நம்மை நிறுத்தியது. 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடியபோது, அவர்களின் நிலத்துக்காகவும் நீருக்காகவும் நாம் துஆ செய்தோம். எண்ணெய் மணலின் நச்சுக் கழிவுநீர் தேங்கும் பெருங்குளங்களருகே வாழும் கனடியப் பழங்குடியினருக்கும் அதே அச்சம்தான். நம் ஊர் மண்ணுக்கு ஒரு நீதி, பிறர் மண்ணுக்கு வேறொரு நீதியா?

அப்பங்குகள் ஹராம் எனத் தீர்ப்பளிக்க நமக்குத் தகுதியில்லை. தகுதி வாய்ந்த முஃப்திகளிடம் கேட்டறிக. எனினும், இழந்தால் மீட்க இயலாத பணத்தை, மனம் உறுத்தும் இடத்தில் வைக்க நாம் துணியவில்லை. இல்லத்தாரிடம் சொன்னோம். "பயணம் தாமதமானால் ஆகட்டும். காத்திருப்போம்" என்றார்.

இன்ஷா அல்லாஹ், காத்திருக்கிறோம். உங்கள் துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.